உப்புச்சக்கரைக்கு முந்தின நாள்

நித்யஸ்ரீக்கு அன்று விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்தது என்று சொன்னால் அது பொய். தூங்கினால்தானே விழிப்பு வருவதற்கு. இரவு முழுக்க ஆர்.எஸ்.புரத்து வீட்டின் மாடி அறையில் புரண்டு புரண்டு படுத்தவள், ஐந்து மணிக்கு எழுந்து பல் தேய்த்து, ஐந்தரைக்கு, அவளைக் கட்டிக்கொள்ளப்போகும் சுரேந்தரின் கார் சைக்கிள் சவாரிக்குக் கூட்டிப்போக வாசலில் வந்து நின்றபோது சிரித்த முகத்தோடு வெளியே வந்தாள். சிரிக்க வைப்பதில் அவள் அம்மா ராசாத்தாள் கெட்டிக்காரி. பின்னாலிருந்து முதுகில் ஒரு விரலால் குத்தினாலே போதும்.

மறுநாள் காலை ஒன்பதரைக்கு உப்புச்சக்கரை. இரண்டு வீட்டாரும் உட்கார்ந்து உப்பையும் சர்க்கரையையும் கைமாற்றிக் கொண்டுவிட்டால் கல்யாணம் உறுதியான மாதிரி. அதற்குமேல் எந்தப் பக்கமும் வாக்கு மாறுவதில்லை. மாறினால் சொந்தபந்தம் முழுக்கப் பேசிப் பேசியே ஆளைத் தீர்த்துவிடும்.

அதற்குள் அவள் சுரேந்தரிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவளுக்குப் பதினாறு வயதிலிருந்து வலிப்பு. கடைசியாக வந்து ஐந்து வருஷம் ஆகிறது. காலை எட்டு மணிக்கு ஒரு மாத்திரை, இரவு எட்டு மணிக்கு ஒரு மாத்திரை, நல்ல தூக்கம், அவ்வளவுதான் வைத்தியம். ஆனால் இரண்டு மாதமாக இந்தச் சம்பந்தம் பேசியதில் அந்த ஒரு பேச்சு மட்டும் எழவே இல்லை.

"அஞ்சு வருசமா வராததை எதுக்குக் கண்ணு கூப்புட்டுச் சொல்லோணும்? கட்டிக் குடுத்ததுக்கப்புறம் மெல்லமாச் சொல்லிக்கலாம்" என்றாள் ராசாத்தாள். அப்பா அங்கப்பன் செய்தித்தாளை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார். பெண்ணைப் பெற்றவர்களுக்குப் பயம் வந்தால் புத்தி எந்த வழியில் போகும் என்பதற்கு இந்த இரண்டு பேரும் நல்ல உதாரணம்.

வாசலில் ராசாத்தாள் காப்பியோடு ஓடி வந்தாள். "எடுத்துக்கோங்க மாப்ளே."

"இன்னைக்கு வரைக்கும் சுரேந்தர்தானுங்க" என்று அவன் சிரித்தான். "நாளைக்கு உப்புச்சக்கரை மாத்துனதுக்கப்புறம் நீங்க மாப்ளேன்னு கூப்புடுங்க, நானும் அத்தேன்னு கூப்புடறேன். அதுதானுங்க மொறை."

அவனுடைய பேச்சே அப்படித்தான். அவர்கள் குடும்பத்துக்குத் தண்ணீர் மோட்டார் தயாரிக்கும் பட்டறை. மோட்டாரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த ஆள் வேண்டும். கேட்கிறவர் களைத்துவிட்டார் என்று தெரிந்தால் உடனே மன்னிப்பும் கேட்பான். நித்யஸ்ரீக்கு அவனைப் பிடித்துப் போய்விட்டது. பிடிக்காமல் இருந்திருந்தால் இவ்வளவு பாடு இல்லை, பொய்யையே சொல்லிவிட்டுப் போயிருப்பாள்.

ஆனைமலைக்குப் பக்கத்தில் ஒரு தென்னந்தோப்பு ஓரம் மின்சார மலைச் சைக்கிள்கள் வரிசையாக நின்றன. ஒருநாள் சவாரி. தோப்பு, வாய்க்கால் மேடு, மலையடிவாரக் கல்பாதை என்று சுற்றி மதியத்துக்குத் திரும்ப வேண்டும். வழிகாட்டி ஃபஹீமா, உக்கடத்துப் பெண். முக்காட்டின் மேலேயே ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, "ங்க" போட்டே ஆளை அதட்டத் தெரிந்தவள். இவர்கள் இரண்டு பேரோடு ஐ.டி. கம்பெனிக்காரர்கள் மூன்று பேரும் வந்திருந்தார்கள்.

"மிதிச்சாத்தான் ஓடுமுங்க. நீங்க மிதிக்கறதுக்கு மோட்டார் ஒத்தாசை பண்ணும், அவ்வளவுதான்" என்றாள் ஃபஹீமா. "எக்கோ, டூர், டர்போ, மூணு இருக்குது. டர்போவுலயே போனீங்கன்னா பேட்டரி பாதியில படுத்துக்கும். அப்புறம் இருபத்தஞ்சு கிலோவை நீங்கதான் தள்ளோணும்."

பிறகு ஆளுக்கு ஒரு ஃபாரம் கொடுத்தாள். சுரேந்தர் தன்னுடையதை முடித்துவிட்டு, நித்யஸ்ரீயின் ஃபாரத்தையும் மரியாதையாக வாங்கிக்கொண்டான். அவள் கையுறை மாட்டிக்கொண்டிருந்தாள். பெயர், வயது, ரத்த வகை என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினான்.

"வியாதி, மாத்திரை ஏதாச்சும் உண்டா?" என்று வாசித்தவன், கேட்பதே மரியாதைக் குறைவு என்று நினைத்தவனைப் போல, "இல்லைன்னு போட்டுட்டேனுங்க" என்றான்.

அவள் வாயைத் திறந்தாள். கையெழுத்துப் போடப் பேனாவை நீட்டினான். வாங்கிப் போட்டுவிட்டாள்.

அதோடு விட்டானா? அவளுடைய பையையும் தூக்கிக்கொண்டு போய், பின்னால் வரப்போகும் ஜீப்பில் பத்திரமாக வைத்தான். மாத்திரை அந்தப் பையில்தான், லிப்ஸ்டிக் வைக்கிற சின்னப் பர்ஸில் இருந்தது.

வாய்க்கால் மேட்டில் போய்க்கொண்டிருந்தபோது எட்டு மணிக்கு அவளுடைய கைக்கடிகாரம் கீச்சென்று கத்தியது. இடது பக்கம் கரை தளும்பத் தண்ணீர், வலது பக்கம் ஆள் உயரப் பள்ளத்தில் நெல் வயல். நடுவில் செம்மண் தடம் மூன்றடி அகலம். ஒருவர் பின் ஒருவராகப் பத்தடி விட்டு வர வேண்டும், மதகு வரும்வரை யாரும் நிற்கக் கூடாது என்பது ஃபஹீமாவின் உத்தரவு. முன்னால் ஃபஹீமா, அடுத்து நித்யஸ்ரீ, பின்னால் சுரேந்தர்.

"அலாரமுங்களா?" என்று பின்னாலிருந்து கேட்டான்.

"சும்மா வெச்சதுங்க."

சொன்ன உடனே தன் மேலேயே அவளுக்கு எரிச்சலாக வந்தது. எட்டேகால் ஆயிற்று, எட்டரை ஆயிற்று. மலை பக்கத்தில் வந்துகொண்டே இருந்தது. வால்பாறை மலையின் மேல் மேகம் இறங்கியிருக்கிறது பாருங்கள் என்று யாரோ சொன்னார்கள். அவள் பார்க்கவில்லை. கண் கைப்பிடியை விட்டு நகரவில்லை. தூங்காமல் மாத்திரையும் போடாத நாளில் அவளுடைய கை அவள் பேச்சைக் கேட்காது, தானாக ஒரு வெட்டு வெட்டும். அது இந்த மேட்டில் வந்தால் தண்ணீரிலா வயலிலா என்ற ஒரு கேள்விதான் அவளுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. மதகு வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

ஒன்பதே முக்காலுக்கு ஒரு தோப்பில் இளநீருக்காக நின்றார்கள். தோப்புக்காரர் திருமலைசாமி அரிவாளோடு காத்திருந்தார். ஜீப்பும் வந்து சேர்ந்தது. நித்யஸ்ரீ நேராக ஜீப்பை நோக்கி நடந்தாள். சுரேந்தர் ஓடி வந்துவிட்டான்.

"என்ன வேணுமுங்க? நான் எடுத்துத் தாரேன்."

"ஒண்ணுமில்லீங்க."

திரும்பி வந்து இளநீரை வாங்கிக்கொண்டாள். ஒரு வாய் குடித்திருப்பாள். வலது கை தோளிலிருந்து வெட்டியது. இளநீர் எகிறிப் போய்ச் சுரேந்தரின் புது ஷூவின் மேல் விழுந்து உருண்டது.

"போச்சாது அம்மணி, வேறொண்ணு வெட்டித் தாரேன்" என்றார் திருமலைசாமி.

சுரேந்தர் குனிந்து ஷூவைத் துடைத்துக்கொண்டே, "வழுக்கிருச்சுங்களா?" என்றான். ஆமாம் என்று சொன்னால் அந்த நிமிஷம் தப்பித்துவிடலாம். அதே நேரத்தில் ஃபஹீமா கையைத் தட்டினாள்.

"அடுத்தது எறக்கமுங்க. கல்லுப் பாதை, ஒரு பக்கம் பள்ளம். பிரேக்கை உட்டுடாமப் புடிச்சுக்கோணும். என்ர பின்னாடி நித்யஸ்ரீ மேடம், அவங்களுக்குப் பின்னாடி சுரேந்தர் சார்."

நித்யஸ்ரீ தன் வலது கையைப் பார்த்தாள். அந்தக் கையை நம்பி இறங்க அவளுக்குத் தைரியம் இல்லை. போதும் என்று இருந்தது.

"வழுக்கலீங்க" என்றாள். "எனக்கு ஃபிட்ஸ் இருக்குதுங்க."

அவன் குனிந்த நிலையிலேயே நிமிர்ந்து பார்த்தான்.

"பதினாறு வயசுல இருந்து. அஞ்சு வருசமா வரலை. ரெண்டு வேளை மாத்திரை. இன்னைக்குக் காலையில போடலை, ராத்திரி தூங்கவும் இல்லை. அதுதான் கை இப்படிப் பண்ணுது."

"எங்கூட்ல தெரியுமுங்களா?"

"தெரியாதுங்க. அம்மா சொல்ல வேண்டாம்னுட்டாங்க."

"காலையில நாந்தானே ஃபாரம் எழுதுனேன்?"

"நீங்க என்ர பதிலுக்கு நிக்கவே இல்லீங்க, நீங்களே எழுதிட்டீங்க. எனக்கும் அது சௌரியமாப் போச்சு."

சுரேந்தர் ஷூவைத் துடைப்பதை விட்டான். எழுந்தான். ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு போய்த் தன் சைக்கிளின் பக்கத்தில், மலையைப் பார்த்தபடி நின்றுகொண்டான்.

அவள் ஃபஹீமாவிடம் போய்த் தன் ஃபாரத்தைக் கேட்டாள். 'இல்லை' என்று அவன் எழுதியிருந்ததை அடித்துவிட்டு, வியாதியின் பெயர், மாத்திரையின் பெயர், எத்தனை வருஷம், எல்லாவற்றையும் தன் கையால் எழுதி அடியில் மறுபடி கையெழுத்துப் போட்டாள். ஃபஹீமா வாசித்தாள். முகம் சிவந்துவிட்டது.

"ஏனுங்க, அந்த வாய்க்கா மேட்டுல உங்களுக்கு முன்னால நாந்தான் போனேன். நீங்க தண்ணியில உழுந்திருந்தா நானும் குதிச்சிருப்பேன். எனக்கு நீச்சல் தெரியாதுங்க. ரெண்டு பேரையும் யாரு எடுக்கறது?"

"தப்புதானுங்க."

"போய் மாத்திரையைப் போடுங்க. இனி நீங்க ஜீப்புலதான்."

பையைத் திறந்து, சின்னப் பர்ஸைத் திறந்து, தண்ணீர் பாட்டிலை எடுத்து, பட்டப்பகலில் எல்லோருக்கும் நடுவில் நித்யஸ்ரீ மாத்திரையைப் போட்டுக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் வீட்டுக்கு வெளியே ஆள் முன்னால் போட்டது அதுதான் முதல் தடவை. சுரேந்தர் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, மறுபடி முதுகைக் காட்டிக்கொண்டு ஹெல்மெட் வாரை இழுத்து இழுத்து மாட்டிக்கொண்டிருந்தான். ஃபஹீமா விசில் அடித்ததும் முதல் ஆளாகக் கிளம்பிப் போனான்.

ஜீப் ஓட்டிய திருமூர்த்தி அதிகம் பேசாதவர். சைக்கிள்களைத் தூரத்தில் விட்டுப் பின்னால் ஓட்டிக்கொண்டு வந்தார். முன் சீட்டில் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கண்ணாடியை இறக்கினாள், ஏற்றினாள். வளைவில் ஒரு தடவை சுரேந்தரின் மஞ்சள் சட்டை தெரிந்தது. ஃபஹீமாவையும் தாண்டிப் பறந்துகொண்டிருந்தான். ஃபஹீமா கத்துவது இங்கே வரை கேட்டது.

"டர்போவை எறக்கவே மாட்டேங்கறாரு" என்றார் திருமூர்த்தி. "மோட்டார் தெரிஞ்சவருன்னாங்க."

நித்யஸ்ரீ கண்ணாடியை மறுபடி இறக்கினாள். நாளை ஒன்பதரைக்கு வீட்டில் என்ன நடக்கும் என்று நினைத்துப் பார்த்தாள். பந்தலுக்கு ஆள் வந்திருக்கும். அம்மா அழுவாள், அப்பா செய்தித்தாளைத் தேடுவார். அதெல்லாம் கூடப் பரவாயில்லை. இந்த மஞ்சள் சட்டை இனிமேல் வாசலில் வந்து நிற்காது என்பதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. கண் நிறைந்துவிட்டது. திருமூர்த்தி மரியாதையாக வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

பன்னிரண்டு மணி வாக்கில், கடைசி மேட்டில் அவனைப் பிடித்தார்கள். மற்றவர்கள் எல்லோரும் ஏறிப் போய்விட்டார்கள். பேட்டரி செத்துப்போன சைக்கிளை, ஹெல்மெட்டைக் கைப்பிடியில் தொங்கவிட்டு, அவன் தள்ளிக்கொண்டிருந்தான். இரண்டடி ஏறினால் ஓரடி சறுக்கியது.

"ஏத்திக்கலாங்க" என்று திருமூர்த்தி தலையை நீட்டினார்.

"வேண்டாமுங்க."

நித்யஸ்ரீ கீழே இறங்கினாள். வா என்று அவன் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இடது கையால் சீட்டைப் பிடித்துத் தள்ளினாள். சைக்கிள் நகர்ந்தது. ஜீப் பின்னாலேயே ஊர்ந்து வந்தது.

ஐம்பதடி போன பிறகு, மூச்சு வாங்க, "எங்கம்மாகிட்ட நான் சொல்ல மாட்டேனுங்க" என்றான்.

அவள் சீட்டை விடாமல் நிமிர்ந்து பார்த்தாள்.

"எனக்கு ஒழுங்காச் சொல்லத் தெரியாது. பாதியைத் தப்பாச் சொல்லிப்போடுவேன். நீங்கதான் சொல்லோணும். அதுவும் இன்னைக்கே, நேரா எங்கூட்டுக்குப் போயி. நான் பக்கத்துல நிக்கறேன்."

"அவங்க வேண்டாம்னுட்டா?"

அவன் நின்றான். சைக்கிள் சறுக்காமல் இருக்க இரண்டு பேரும் பிடித்துக்கொண்டார்கள்.

"தெரியலீங்க" என்றான். "அதைத்தான் ரெண்டு மணி நேரமா ரோசனை பண்ணிட்டு வந்தேன். கோவமும் இருக்குதுங்க. இல்லைங்கல. மேட்டுல நீங்க உழுந்திருந்தீங்கன்னா, ஃபாரத்துல இல்லைன்னு எழுதுனது நான்."

அவள் மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் ஃபோன் அடித்தது. அம்மா. ஒரு கையால் சைக்கிளைப் பிடித்தபடி, இன்னொரு கையால் எடுத்து ஸ்பீக்கரில் போட்டு, சீட்டின் மேல் வைத்தாள்.

"எங்க கண்ணு இருக்கறே? சமையக்காரரு நாளைக்குப் பந்திக்கு எத்தனை எலைன்னு கேக்கறாரு. அவங்க பக்கம் எத்தனை பேர்னு மாப்ளேகிட்டக் கேட்டுச் சொல்லு."

"அம்மா, அவர்கிட்டச் சொல்லிட்டேன்."

"எலைக் கணக்கா?"

"என்ர வலிப்பைச் சொல்லிட்டேன். இப்ப அவங்கூட்டுக்குப் போறேன், அங்கயும் சொல்றதுக்கு. அதுக்கப்புறம் எலைக் கணக்குப் பாத்துக்கலாம்."

அந்தப் பக்கம் யாரோ நாற்காலி இழுக்கும் சத்தமும், பந்தல்காரர் எதையோ கேட்கும் சத்தமும் வந்தன. நித்யஸ்ரீ வசவுக்குத் தயாராக நின்றாள். ராசாத்தாளின் வசவு லேசில் அடங்காது.

ராசாத்தாளின் குரல் மெதுவாக வந்தது.

"எட்டு மணி மாத்திரை போட்டயா கண்ணு?"

நித்யஸ்ரீ முகத்தைத் திருப்பிப் புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். சுரேந்தர் அவளைப் பார்த்தான், ஃபோனைப் பார்த்தான். கைப்பிடியை விடாமல் சீட்டின் பக்கம் குனிந்தான்.

"பத்து மணிக்குப் போட்டாங்க அத்தே. நான் பாத்தேன்."