வெண்டலின் கட்டைவிரல்

என் கணவர் வெண்டலிடம் நாற்பத்தொரு பழைய ரிவால்வர்கள் இருந்தன. எல்லாம் நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய உள்நாட்டுப் போர்க் காலத்தவை. நாற்பத்திரண்டாவதை லபக் நகர் அருகே ஒரு பண்ணை வீட்டு ஏலத்தில் எடுத்து வந்தார்.

"இந்த மாதிரி நூறுகூடச் செய்யல, ஆர்லீன்!"

"என்னைப் பாத்துக்கூட நீ இப்படிப் பல்லைக் காட்டினதில்ல" என்றேன்.

மறுநாள் ஞாயிறு மதியம். நான் சமையலறையில் சுவரோரம் பலகை வைத்து, ஆப்பிள் பணியாரத்துக்கு மாவு தேய்த்துக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவருடைய அறை. அங்கிருந்து கூப்பிட்டார். குரலே சரியில்லை.

"ஆர்லீன், நேரா வராத. தோட்டத்துப் பக்கமா சுத்தி, என் முதுகுப் பக்கம் வா. கதவ அடிச்சு சாத்தாத."

சுற்றிக்கொண்டு போனேன். மேசைமுன் உட்கார்ந்திருந்தார். அந்தப் புதுத் துப்பாக்கியில், தட்டி வெடிக்கவைக்கும் சுத்தியல் பின்னால் இழுபட்டிருக்க, கட்டைவிரலால் அதைப் பிடித்திருந்தார். விரல் வெளுத்துப்போயிருந்தது.

"வெடிமருந்தும் குண்டும் கெட்டிச்சிருக்கு. ஆறு குழியிலும். பாக்காம இழுத்துட்டேன்."

"மெதுவா இறக்கேன்!"

"உள்ள கொக்கி தேஞ்சுபோச்சு, சுத்தியல் நிக்கல. என் விரலும் மரத்துப்போச்சு. வழுக்கினா ஒண்ணோட தீ மத்ததுக்கும் தாவி ஆறும் சேந்து வெடிக்கும், என் கையோட."

"ஷெரீஃபைக் கூப்பிடறேன்."

"அவங்க வர்ற வரைக்கும் விரல் தாங்காது. என் தோல் கையுறையில ஒரு துண்டு வெட்டு. மடிச்சு சுத்தியலுக்கு அடியில சொருகு."

வெட்டினேன். கத்தரிக்கோல் இரண்டு முறை கீழே விழுந்தது.

"எனக்குக் கை நடுங்குது, வெண்டல்."

"உன் கை நடுங்கலாம். என் கைதான் நடுங்கக்கூடாது."

சுத்தியலுக்கும், அது தட்டினால் தீப்பொறி கக்கும் செம்பு வெடிமூடிக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் இடம்தான். தோலை உள்ளே தள்ளிய அதே நொடியில் அவர் விரல் வழுக்கியது.

டப் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான், வெடிக்கவில்லை. என் நடுவிரல் நகமும் தோலோடு சேர்ந்து மாட்டிக்கொண்டது. வெண்டல் சுத்தியலைத் தூக்கி என் விரலை விடுவித்தார்.

வெடிமூடிகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் துப்பாக்கியைத் தண்ணீர் வாளியில் போட்டார். என் விரலுக்கு ஐஸ் வைத்துக் கட்டினார். பிறகு ஒரு கயிறும் அளவுநாடாவும் எடுத்தார். வேண்டாமென்றேன், கேட்கவில்லை. துப்பாக்கிக் குழல் பார்த்திருந்த இடத்தைச் சுவரில் குறித்துக்கொண்டு, சமையலறைக்கு வந்து இந்தப் பக்கமும் அளந்தார். பென்சில் புள்ளி என் நெஞ்சு உயரத்தில், மாவுப் பலகைக்கு நேராக விழுந்தது.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நீ இங்கயா நின்ன?"

"இல்ல. அடுப்பாண்ட நின்னேன்" என்று பொய் சொன்னேன்.