கோணிய திருகாணி

வங்கி மேலாளர் துணியில் சுற்றிக் கொண்டுவந்த துப்பாக்கியைப் பட்டறை மேசைமேல் வைத்ததும், அக்காவின் கண் நேராக விசைக்கு மேலிருந்த திருகாணிக்குத்தான் போயிற்று. அதன் தலையிலிருந்த கோடு கோணிக் கிடந்தது.

தையல் மெஷினும் துப்பாக்கியும் பழுதுபார்க்கிறவள் என்பதால், தையல்காரர்கள் முதல் காவலர்கள் வரை எல்லாருக்கும் அவள் அக்காதான். அவளுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. துப்பாக்கியில் அவள் முடுக்கும் ஒவ்வொரு திருகாணியின் தலைக்கோடும் குழலுக்கு இணையாக நிற்கவேண்டும். நிற்காவிட்டால் கழற்றி, தலையின் அடிப்புறத்தை மயிரிழை அராவி, மறுபடி முடுக்குவாள். "கோட்டைப் பாத்தே வேற யாரு கை வெச்சாங்கன்னு சொல்லிடுவேன்" என்பாள். கேட்டவர்கள் சிரிப்பார்கள்.

இன்று சிரிப்பதற்கு எதுவுமில்லை. முந்தின நாள் காலையில், வங்கி வாசலில் காவலர் இந்தத் துப்பாக்கியைத் தரையில் ஊன்றியிருக்கிறார். ஊன்றிய அதிர்ச்சியிலேயே அது வெடித்துவிட்டது. அவருடைய இடக்கையில் இரண்டு விரல்கள் போயின.

மேலாளர் ஒரு கடிதத்தை நீட்டினார். "துப்பாக்கியில கோளாறு இல்ல, காவலரோட கவனக்குறைவுதான் காரணம்னு எழுதியிருக்கு. கையெழுத்து போட்டா உங்க லைசென்ஸ் தப்பிக்கும். எங்களுக்கும் தலைவலி இல்ல."

"அந்தக் காவலருக்கு?"

"வயசாச்சும்மா. வீட்ல ஓய்வா இருக்கட்டும்."

"விரலும் போய், வேலையும் போய், ஓய்வு! நல்ல மனசு சார் உங்களுக்கு."

உள்ளே தோட்டா இல்லை என்று பார்த்துக்கொண்டு, அவர் கண்ணெதிரிலேயே திருகாணியைக் கழற்றினாள். விசையைப் பிடித்துநிறுத்தும் தடித்த சுருள்வில் இருந்த இடத்தில், தையல் மெஷினில் நூலை இழுத்துப் பிடிக்கும் மெல்லிய சுருள்வில் ஒன்று நெளிந்து கிடந்தது. விசை இலகுவாகும்; ஆனால் சிறு அதிர்ச்சிக்கே பிடி நழுவிவிடும். அவளுடைய தகர டப்பாவில் அந்த வகை நூறு இருக்கும். அந்த டப்பாவைத் தொடுகிறவர்கள் இரண்டே பேர்.

"டேய்!"

பின்கட்டில் தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த தம்பி எழுந்து வந்தான். சுருள்வில்லைக் கண்டதும் முகம் வெளுத்தது.

"மறுநாள் சுடுற சோதனைன்னு அந்தக் காவலர் சொன்னாரு அக்கா. டிரிக்கரை இழுக்க விரல்ல பலமில்ல, தேறலன்னா வேலை போயிடும்னு கண் கலங்கினாரு. பாவமா இருந்துச்சு."

"பாவமா? ஸ்பிரிங்குக்குத் தெரியுமாடா பாவம், புண்ணியம்?"

"சோதனையில தேறிட்டாரே..." என்று முனகினான்.

"தேறினாரு, தேறினாரு! ரெண்டு விரலைப் பரிசாக் குடுத்துட்டு ஆஸ்பத்திரியில கெடக்காரு. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல உன் நாக்குல என்ன பூட்டா?"

"முதல்ல உன்கிட்டதான் வந்தாரு. டிரிக்கர்னா அப்படித்தான் இருக்கும், போங்கன்னு நீதானே விரட்டினே?"

உண்மைதான். வீங்கிய விரல்முட்டுகளைத் தடவிக்கொண்டு அன்று காவலர் நின்றார். அவள் தலை நிமிரவேயில்லை. ஏன் என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். உள்ளே உரசும் இடங்களைத் தேய்த்து வழவழப்பாக்கி, பிடிப்புக் குறையாமலே விசையை இலகுவாக்கித் தந்திருப்பாள். அரை நாள் வேலை. தம்பியின்மேல் பாய்ந்துகொண்டிருந்த கோபம் திரும்பி அவளையே கடித்தது. அதற்காகத் தம்பியை அது விட்டுவிடவும் இல்லை.

மேலாளர் தொண்டையைச் செருமினார். "நான் எதையும் பாக்கலம்மா. ஸ்பிரிங்கை மாத்திட்டு, பேசாம ஒரு கையெழுத்து..."

"பாக்கலையா?" சிறு இடுக்கியால் அந்தச் சுருள்வில்லை எடுத்து அவர் மூக்குக்கு நேரே பிடித்தாள். "கண்ணாடியைத் துடைச்சுட்டு நல்லாப் பாருங்க."

கடிதத்தின் வரிகளைக் குறுக்கே அடித்தாள். கீழே, எந்தச் சுருள்வில் எங்கிருந்து எங்கே போனது, யார் மாற்றியது, அதற்கு முன் காவலர் கேட்டதற்குத் தான் என்ன பதில் சொன்னாள் என்பதையெல்லாம் எழுதிக் கையெழுத்திட்டாள். பேனாவைத் தம்பியிடம் தள்ளினாள்.

"போடு. பேனா ஸ்பிரிங்கையும் மாத்தித் தொலைச்சுடாதே."

அவனும் கையெழுத்திட்டான்.

"இனிமே துப்பாக்கி வேலையே உங்களுக்குக் கிடைக்காதும்மா" என்றார் மேலாளர்.

"தையல் மெஷின் யாரையும் சுடாது சார்."

மெல்லிய சுருள்வில்லை அது கிடந்தபடியே உள்ளே வைத்து, திருகாணியை முடுக்கினாள். கோடு பழையபடி கோணலாக வந்து நின்றது. இன்னும் கால் சுற்று முடுக்கினால் நேராகிவிடும். பழக்கத்தில் கை தானாகப் போயிற்று. பல்லைக் கடித்துக்கொண்டு கையை இழுத்துக்கொண்டாள்.

"விசாரிக்க வர்றவங்க இதை இப்படியே பாக்கணும். யாராவது நேராக்கினா எனக்குத் தெரியும்" என்று துப்பாக்கியைச் சுற்றிக் கடிதத்தோடு மேலாளரிடம் கொடுத்தாள்.

அவர் போனதும் தம்பி மெதுவாகக் கேட்டான்: "கோபம் தணிஞ்சுதா அக்கா?"

"தணியல. கையைக் கழுவிட்டுக் கிளம்பு, ஆஸ்பத்திரிக்கு. நீ மாட்டின ஸ்பிரிங்கைப் பத்தி அவர்கிட்ட நீ சொல்லு. நான் விரட்டினதைப் பத்தி நான் சொல்றேன்."