மூன்று தலைவர்கள், ஒரு பதவி

எங்கள் தெரு இளைஞர் மன்றத்தில் வெறும் உறுப்பினர் என்று யாருமே இருந்ததில்லை. அத்தனை பேரும் தலைவர்கள். பிள்ளைகளுக்குத் தன்னம்பிக்கை வளர வேண்டும் என்று, மன்றத்தை நடத்திய மாஸ்டர் மாதத்துக்கு ஒருவரைத் தலைவராக்கிக்கொண்டே இருந்தார். மற்றவர்களுக்கு மாதம் முடிந்ததும் பதவி போயிற்று. ஒருவருக்கு மட்டும் பெயரோடு ஒட்டிக்கொண்டது. இன்றைக்கும் அவர் ‘தலைவர்’தான். பெற்றவர்கள் வைத்த பெயரைக் கேட்டால் அவர் மனைவியே சற்று யோசிப்பாள்.

தலைவர் இப்போது ஆள்வது ஃபிரிட்ஜ் பிரிவை. வீட்டுச் சாமான் விற்கும் பெரிய கடையில் காலை முதல் நின்றபடி, வருகிறவர்களுக்கெல்லாம் கதவைத் திறந்து திறந்து மூடிக் காட்டும் உத்தியோகம். நாட்டில் இவ்வளவு குளிர்ந்த ஆட்சி வேறு எங்கும் கிடையாது என்று அவரே சொல்லிச் சிரித்துக்கொள்வார். அந்தக் கடையில் சூப்பர்வைசர் பதவி காலியாயிற்று. ஏற்கெனவே இரண்டு முறை கைக்கு எட்டி வாய்க்கு எட்டாமல் போன பதவி.

“இந்தத் தடவையும் வெறுங்கையோட வந்தீங்கன்னா எங்க அண்ணன் வாயை என்னால மூட முடியாது, சொல்லிட்டேன்,” என்றாள் மனைவி. அண்ணன்காரர் வேறொரு கடையில் சூப்பர்வைசர். அதைச் சொல்லாமல் அவர் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை.

நேர்காணலில் மானேஜரம்மா கேட்டார்: “நாலு பேரை வச்சு வேலை வாங்கின அனுபவம் உண்டா?”

“இளைஞர் மன்றத் தலைவரா இருந்திருக்கேன் மேடம்.”

அம்மா பேனாவைக் கீழே போட்டார். நேர்காணல் முடிந்து வெளியே காத்திருந்த இருவரையும் மறுபடி உள்ளே கூப்பிட்டார். ஒருவர் வாஷிங் மெஷின் பிரிவு மீசைக்காரர். இன்னொருத்தி பில் போடும் பாட்டுக்காரி. இருவரும் எங்கள் தெருதான்.

“மூணு பேரும் ஒரே மன்றம், மூணு பேரும் தலைவர்! இதுல யாரு புளுகுறது?”

“யாரும் இல்ல மேடம். நான் ஜூன் மாசத் தலைவர்,” என்றார் மீசைக்காரர்.

“நான் ஆகஸ்ட்,” என்றாள் பாட்டுக்காரி.

“நான் பிப்ரவரி,” என்றார் தலைவர். மாதத்திலும் குட்டை மாதம்தான் தனக்கு வாய்த்தது என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

அதற்குள் அம்மாவின் போன் அடித்தது. “நான் பேசிட்டு வர்றேன். அதுக்குள்ள யாரை எடுக்கலாம்னு நீங்களே முடிவு பண்ணி வைங்க, தலைவர்களே!” என்று சிரித்துவிட்டு வெளியே போனார்.

வேறு யாராக இருந்தாலும் தானும் சிரித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இவர்கள் மூவரும் எழுந்து நாற்காலிகளை வட்டமாகப் போட்டார்கள். மன்றத்தில் வளர்ந்த உடம்பு, என்ன செய்யும்?

“கூட்டத்துக்கு நீயே தலைமை தாங்குப்பா,” என்றார் மீசைக்காரர். தலைவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

தன் பெயருக்குத் தானே ஓட்டுப் போடக் கூடாது என்பது மன்றத்து விதி. தலைவர் மனசுக்குள் கணக்குப் போட்டார்: தலைமையே நம்மிடம் தந்தவர்கள் ஓட்டையும் நமக்குத்தானே போடுவார்கள்? மீசைக்காரர் எப்படியும் தேற மாட்டார். நம் ஓட்டை அவருக்குப் போட்டு வைத்தால் ஆபத்தில்லை, பெருந்தன்மைக்குப் பெருந்தன்மையும் ஆயிற்று. என்ன ஒரு மூளை என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டார்.

பாட்டுக்காரி இவருக்குப் போட்டாள். மீசைக்காரர் பாட்டுக்காரிக்குப் போட்டார். ஆளுக்கு ஒன்று.

“சமமா வந்தா தலைமை தாங்குறவர் இன்னொரு ஓட்டுப் போடணும்,” என்றாள் பாட்டுக்காரி.

“ஆனா தனக்குப் போட்டுக்கக் கூடாது,” என்று மீசைக்காரர் அவசரமாக நினைவுபடுத்தினார்.

தலைவர் மேலே சுற்றிய மின்விசிறியைப் பார்த்தார். விதியாவது மண்ணாங்கட்டியாவது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாக்கு எழவில்லை. தனக்கு விழுந்த ஒரே ஓட்டு அவளுடையது. ரசீதோடு சண்டைக்கு வருகிறவர்களைக்கூடச் சிரிக்க வைத்து அனுப்புகிறவளும் அவள்தான். இதை அவர் தினமும் ஃபிரிட்ஜ் கதவு இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

மானேஜரம்மா திரும்பி வந்தபோது தலைவர் எழுந்து நின்று, கணீரென்று அறிவித்தார்: “சூப்பர்வைசர் பதவிக்குப் பாட்டுக்காரி தேர்ந்தெடுக்கப்பட்டார். இப்ப மீசைக்காரர் நன்றியுரை சொல்வார்.”

மீசைக்காரர் சொல்லவும் செய்தார். மின்விசிறிக்குக்கூட நன்றி சொன்னார்.

அம்மா மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். “நான் சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன்யா! நிஜமாவே எலெக்‌ஷன் நடத்திட்டீங்களா?” கொஞ்ச நேரம் நெற்றியைத் தேய்த்தார். “சரி, நான் நினைச்சதும் இந்தப் பொண்ணுதான். என் வேலை மிச்சம்.”

வீட்டில் மனைவி முழுக் கதையையும் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். பக்கத்து வீடு என்னுடையது, நடுச்சுவர் மெல்லிசு. அடி எனக்கே கேட்டது. “கையில வந்ததைத் தூக்கி அடுத்தவங்களுக்குக் குடுத்துட்டு வந்து நிக்கிறீங்களே! அந்த மன்றத்துல உருப்படியா ஏதாவது சொல்லிக் குடுத்தாங்களா, இல்லையா?”

“கூட்டம் நடத்தச் சொல்லிக் குடுத்தாங்க,” என்றார் தலைவர். “நல்லாவே நடத்தினேன். வேணும்னா மீசைக்காரரைக் கேட்டுப் பாரு.”

பெரிய சண்டை வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். வந்தது சிரிப்புச் சத்தம். முதலில் அவள், பிறகு அவர். அண்ணன்காரருக்கு யார் போன் போட்டுச் சொல்வது என்று இருவருக்கும் வாக்குவாதம் எழுந்தது. கடைசியில் அவள் தலைமையில் ஓட்டெடுப்புக்கு விட்டார்கள்.

அதிலும் தலைவர்தான் தோற்றார்.