இடது பக்கத்து விருந்தாளி

கண்டியில் ஒரு வெள்ளைக்காரன் மோசமாக விளையாடினால் அவனுக்கு ஏச்சு கிடைக்காது, பிளேன்டீ கிடைக்கும். பாலின்ட்டுக்கு அது ஆறு ஆட்டங்களாகக் கிடைத்துக்கொண்டிருந்தது. பால் விடாத தேநீரில் இஞ்சி தட்டிப் போட்டு, சீனி தனியாக, கூடவே ஒரு துண்டு கேக். ஆட்டம் முடிந்து அவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருவான். யாராவது ஒருவர் கோப்பையை நீட்டி, "பரவாயில்ல சேர், நல்லா விளையாடினீங்க" என்பார். ஆறு ஆட்டத்தில் அவன் ஒரு கோலும் அடிக்கவில்லை, அடுத்தவன் கோல் அடிக்க ஒரு பந்தும் கொடுக்கவில்லை. இதில் நல்ல விளையாட்டு எது என்று அவனுக்கும் தெரியாது, சொன்னவருக்கும் தெரியாது.

ஆள் ஹங்கேரிக்காரன். வயது முப்பத்து நான்கு. உதைபந்தாட்டத்தில் இடது விங்கில் ஓடுவதைத் தவிர வேறு தொழில் பழகாதவன். திஸா ஆற்றங்கரையில் ஒரு சிறிய ஊரில், பதினேழு வயதிலேயே பெரியவர்களோடு ஆடத் தொடங்கியவன். பிறகு புடாபெஸ்ட்டில் நான்கு வருடம் முதல் பிரிவில் ஓடினான். அந்த நான்கு வருடமும் ரசிகர்கள் அவன் பெயரை வைத்துப் பாடினார்கள். அப்புறம் வலது முழங்காலைக் கிழித்துத் தைத்தார்கள். ஆறியதும் மறுபடியும் கிழித்தார்கள். இரண்டாம் பிரிவு, சைப்பிரஸ், மால்டா என்று படிப்படியாக இறங்கி, கடைசியில் ஏஜன்ட் ஒருவன் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிக் காட்டிய இடம் கண்டிக்குப் பக்கத்துக் கட்டுகஸ்தோட்டை. வேறொருவன் என்றால் போதுமடா சாமி என்று வீட்டுக்குப் போயிருப்பான். பாலின்ட் பெட்டியைக் கட்டினான். ஆட்டத்தை நிறுத்துவதென்றால் நானே நிறுத்துவேன், இன்னொருவன் என்னை நிறுத்தக்கூடாது என்பது அவன் பிடிவாதம்.

அந்தப் பிடிவாதத்துக்கு வியாழக்கிழமை காலையில் ஆபத்து வந்தது. கொண்டுவந்தவர் பயிற்சியாளர் அமலதாஸ். ஹந்தானையில் தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பில் பிறந்து, கண்டியில் விளையாட்டு ஆசிரியராகி ஓய்வு பெற்றவர்.

"சுத்தி வளைச்சுப் பேச எனக்குத் தெரியாதுங்க சேர். வெளிநாட்டு ஆளுக்கு நம்மகிட்ட ஒரு எடந்தான் இருக்கு. ஞாயித்துக்கெழம கம்பளை டீமோட ஆடுறோம். அன்னைக்கும் இதே மாதிரின்னா, உங்கள அனுப்பிட்டு வேற ஆளப் பாக்கச் சொல்லிட்டாங்க கமிட்டியில."

சொல்லிவிட்டு, பாவம், அவரே ஒரு பிளேன்டீ கொண்டுவரச் சொன்னார். இவர்கள் பேசியது ஆங்கிலத்தில்தான். இரண்டு பக்கமும் உடைந்த ஆங்கிலம் என்பதால் நன்றாகவே விளங்கியது. நமக்கென்ன, நாம் அவரவர் வாய்த்தமிழிலேயே கேட்டுக்கொள்வோம்.

முப்பத்து நான்கு வயதில் கட்டுகஸ்தோட்டையிலிருந்து அனுப்பிவிட்டார்கள் என்றால் அதற்குக் கீழே படி கிடையாது. பாலின்ட்டுக்கு அது தெரியும். வெள்ளிக்கிழமை விடியற்காலையில் மகாவலிக் கரையோரம் ஓடினான். பிறகு தனியாக மைதானத்துக்குப் போய், கோல் கம்பத்தின் முன்னால் விழும்படி நூறு பந்துகளை ஓரத்திலிருந்து தூக்கி அடித்தான். எழுபதுக்கு மேல் குறிவைத்த இடத்தில் விழுந்தன. அப்படியானால் குற்றம் காலில் இல்லை. காலில் இல்லையென்றால் எங்கே என்று யோசித்து யோசித்து அவனுக்குத் தலைவலிதான் மிச்சம்.

சனிக்கிழமை மதியம் ஷாமிலின் தங்கை நுஸ்ஹாவின் கல்யாண வலீமா விருந்து. ஷாமில்தான் பாலின்ட்டுக்கு நேர் பின்னால், இடது பக்கக் காவலில் ஆடுகிறவன். அவன் வாப்பா ஸெய்னுலாப்தீன் ஹாஜியார் கட்டுகஸ்தோட்டையில் இரும்புக்கடை வைத்திருப்பவர், கழகத்துக்கும் தலைவர். அணி முழுவதையும் அழைத்திருந்தார்.

மண்டபத்தில் மற்றவர்களெல்லாம் பாயில் வட்டம் வட்டமாக உட்கார்ந்தார்கள். பாலின்ட்டுக்கு மட்டும் ஒரு மூலையில் மேசை, கதிரை, வெள்ளை விரிப்பு, கரண்டி, முள்ளுக்கரண்டி, தனித் தட்டு. அவனுக்கென்று காரம் குறைத்த கோழி வேறு. இதைவிட மரியாதை செய்ய முடியாது. அவன் சாப்பிடாமல் எதிரே பார்த்துக்கொண்டிருந்தான்.

எதிரே ஒரு சஹன். பெரிய தட்டம் ஒன்றில் மஞ்சள் சோற்றைக் குவித்து, மேலே கோழித் துண்டுகளை அடுக்கியிருந்தார்கள். அதைச் சுற்றி ஷாமில், ஸாகி, ஹுதைபா, கோல் காவலன் ஜொனி என்று அணிக்காரர்கள் நான்கு பேர். ஒருவன் முன்னால் இருந்த துண்டை மற்றவன் பறித்தான். பறிகொடுத்தவன் ஏசினான். பிறகு அவனே நல்ல துண்டாகப் பார்த்துப் பிய்த்து அடுத்தவன் பக்கம் தள்ளினான். சிரிப்பும் ஏச்சும் ஓயவில்லை. இவ்வளவு சத்தத்தை மைதானத்தில் இவர்களிடமிருந்து தான் ஒருநாளும் கேட்டதில்லையே என்று பாலின்ட்டுக்குத் தோன்றியது. அடுத்த நொடியே திருத்திக்கொண்டான். மைதானத்திலும் சத்தம் இருக்கிறது. வலது பக்கம் இருக்கிறது, நடுவில் இருக்கிறது. தன் பக்கத்தில் மட்டும்தான் இல்லை.

கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்துபோய், ஷாமிலுக்கும் ஜொனிக்கும் நடுவில் பாயில் உட்கார்ந்தான். முழங்கால் மடங்க மறுத்தது, விடாமல் மடக்கினான். பதறி எழப்போன ஹாஜியாரை ஒருவர் பிடித்து உட்கார்த்தினார். பாலின்ட் சஹனில் கையை வைத்தான். காலைப் போலவே அவனுக்குக் கையும் இடதுதான் பழக்கம்.

பட்டென்று மணிக்கட்டில் ஓர் அடி விழுந்தது.

"கைய எடு. சோத்துலயா இடது கைய வெக்கிற?"

சொன்னவன் ஷாமில். யோசித்துச் சொன்னதல்ல, வாயிலிருந்து விழுந்துவிட்டது. ஷாமில் அடித்த கையை இழுத்துக்கொண்டான்.

"ஸொரி சேர். தெரியாம..."

பாலின்ட் மணிக்கட்டைத் தடவிக்கொண்டு சிரித்தான். கண்டிக்கு வந்த இத்தனை நாளில் அவன் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான்.

"இதத்தான் தேடினேன்" என்றான். "ஊர்ல எனக்குப் பின்னால ஒருத்தன் ஆடினான், லாட்சின்னு பேர். தொண்ணூறு நிமிஷமும் என்ன ஏசுவான், என் அம்மாவையும் சேர்த்து. விங்ல ஓடுறவனுக்கு முதுகுல கண் இல்ல ஷாமில். அவன் குரல்தான் எனக்குக் கண். எப்ப பின்னால வரணும், எப்ப உள்ள வெட்டணும், எல்லாம் அவன் சத்தத்துல தெரியும். இங்க ஆறு ஆட்டமா எனக்குப் பின்னால யாருமே இல்லாத மாதிரி இருக்கு. நாளைக்கு என்ன ஏசு."

"அது சரி வராது சேர். நீங்க விருந்தாளி, வயசுலயும் மூத்தவர். உங்கள ஏச எனக்கு ஏலா."

பக்கத்துச் சஹனிலிருந்து ஹாஜியார் தொண்டையைச் செருமினார். "சஹன்ல வந்து குந்தின பொறகு என்ன விருந்தாளி மகன்? இனி எல்லாரும் முடிக்குமட்டும் அவருக்கு எழும்பவும் ஏலா."

ஜொனி அந்த நேரம் பார்த்து பாலின்ட்டின் முன்னால் இருந்த கோழித் துண்டை எடுத்துக்கொண்டான். பாலின்ட் வலது கையால் தடுமாறித் தடுமாறி, பாதிச் சோற்றைப் பாயில் சிந்தி, கடைசிவரை எழும்பாமல் சாப்பிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஆட்டம் தொடங்கியது. பழக்கம் அவ்வளவு லேசில் போகுமா? ஷாமில் முதல் இருபது நிமிடமும் "குட் சேர், குட் சேர்" என்றுகொண்டிருந்தான். இருபத்தைந்தாவது நிமிடத்தில் பாலின்ட் பந்தைப் பறிகொடுத்துவிட்டு இடுப்பில் கைவைத்து நின்றான். அவன் விட்ட வெளியில் கம்பளைக்காரன் ஒருவன் புகுந்து அடித்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது.

"பரவாயில்ல சேர்" என்றான் ஷாமில்.

பாலின்ட் திரும்பினான். இடது கையைத் தூக்கிக் காட்டி, வலது கையால் அதன் மணிக்கட்டில் ஓங்கி ஓர் அடி அடித்தான். வேடிக்கைக்கு அல்ல, கண்கள் கெஞ்சின. ஷாமில் ஒருமுறை வாப்பா உட்கார்ந்திருந்த பக்கம் பார்த்தான். பிறகு வாயைத் திறந்தான்.

"என்னத்துக்கு நானா மரம் மாதிரி நிக்கிறீங்க? போட்டோ புடிக்கவா வந்த? பின்னால வாங்க. இன்னும் வாங்க. எருமைக்கும் வெளங்கும் இது."

சேர் போய் நானா வந்துவிட்டது, அண்ணன் என்று அர்த்தம். ஒரு சொல்லும் புரியாவிட்டாலும் பாலின்ட்டுக்கு எல்லாம் புரிந்தது. பின்னால் ஓடினான். அதற்குப் பிறகு ஷாமிலின் வாய் மூடவில்லை. ஆங்கிலம் பாதி, தமிழ் பாதி, சிங்களமும் கொஞ்சம். ஆறு ஆட்டத்துக்கும் சேர்த்து வைத்திருந்த ஏச்சு போலிருக்கிறது. அந்தக் குரல் எங்கிருந்து வருகிறதோ அங்கே ஆள் இருக்கிறான், எங்கிருந்து வரவில்லையோ அங்கே வெளி இருக்கிறது. பாலின்ட்டுக்கு மைதானம் மறுபடி முழுதாகத் தெரிந்தது. நாற்பதாவது நிமிடத்தில் அவன் அடித்த ஒரு பந்து கம்பத்துக்கு மேலே எங்கோ பறந்தது, அதற்கும் ஏச்சு கிடைத்தது.

எழுபதாவது நிமிடத்தில் பந்தோடு உள்ளே வெட்டினான். கோல் கம்பம் கண்ணெதிரே, அடிக்கக்கூடிய தூரம். ஒரு கோல் போதும், அவனை அனுப்பமாட்டார்கள். கால் ஓங்கிவிட்டது.

"வெளிய நானா. எனக்கு. இப்ப."

பார்க்காமலே வெளியே தள்ளினான். ஓரத்தால் ஓடிவந்த ஷாமில் குறுக்கே அடிக்க, ஸாகி வலைக்குள் தட்டினான். கோல் ஸாகியின் கணக்கில், பந்து கொடுத்த பெருமை ஷாமிலுக்கு. பாலின்ட்டின் பெயரில் அன்றும் ஒன்றும் இல்லை.

எண்பதாவது நிமிடத்தில் முழங்கால் எரியத் தொடங்கியது. அமலதாஸ் மாற்று ஆளை எழுப்பி நிறுத்தினார். பாலின்ட் நொண்டியதைப் பார்த்து ஷாமில் ஓடிவந்தான்.

"எங்க போற? இன்னும் யாரும் முடிக்கல்ல. எழும்ப ஏலா."

பாலின்ட் அமலதாஸைப் பார்த்து விரலை ஆட்டினான், முடியாது என்று. அவர் மாற்று ஆளை உட்காரச் சொன்னார். கடைசி நிமிடத்தில் கம்பளைக்காரன் ஒருவன் தனியாகப் பந்தோடு பாய்ந்தபோது, அறுபது மீட்டர் அந்தக் காலோடு துரத்திப்போய், சொந்தக் கோலின் முன்னால் சறுக்கி விழுந்து பந்தை வெளியே தள்ளியவன் பாலின்ட்தான். பிறகு விசில் ஒலித்தது. ஒன்றுக்குப் பூச்சியம்.

புல்லில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தவன் முன்னால் அமலதாஸ் வந்து நின்றார். பாலின்ட் நிமிர்ந்து பார்க்கவில்லை. "பரவாயில்ல சேர்" என்ற சொல் வந்துவிட்டால் எல்லாம் முடிந்தது.

"நாப்பதாவது நிமிசத்துல அடிச்சீங்களே, அது என்னா அடி?" என்றார் அமலதாஸ். "பள்ளிக்கூடத்துப் புள்ளைங்ககூட அப்படி அடிக்காதுங்க. வெக்கமா இல்ல உங்களுக்கு? செவ்வாக்கெழம காலைல ஆறு மணிக்கு இங்க நிக்கணும். ஒரு நிமிசம் பிந்தக் கூடாது."

சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார். பாலின்ட் கழற்றிய சப்பாத்தை மடியில் வைத்துக்கொண்டான். கண் கலங்கிவிட்டது, அதை அவன் துடைக்கவும் இல்லை.

அன்று யாரும் அவனுக்குப் பிளேன்டீ கொண்டுவரவில்லை. தொண்டை வறண்டு, அவனே எழுந்து மேசையை நோக்கி நொண்டிக்கொண்டு போனான். பின்னாலிருந்து, புல்லில் மல்லாந்து கிடந்த ஷாமிலின் குரல் வந்தது.

"எனக்கும் ஒண்டு ஊத்திட்டு வாங்க நானா. சீனி ரெண்டு."

பாலின்ட் இரண்டு கோப்பை எடுத்தான்.