எந்த மருதம்பட்டி

விருதுநகரில் மாடி வீட்டில் இருந்த ஸ்ரீமதி ஒரு செய்தி மேப் நடத்தி வந்தாள். பத்திரிகைத் தளங்களில் வரும் செய்தியை அவள் எழுதிய புரோகிராம் தானாக எடுத்து, அதிலுள்ள ஊர்ப்பெயரைப் பார்த்து, மேப்பில் சிவப்புப் புள்ளி வைக்கும். மாவட்டத்தில் பலரும் பார்க்கிறார்கள் என்பதில் அவளுக்குப் பெருமை.

அன்று மத்தியானம் கீழ் வீட்டு அருணாதேவி மூச்சிரைக்க மாடியேறி வந்தாள்.

"அக்கா, மருதம்பட்டி பட்டாசு ஆலையில வெடியாம்ல. டிவியில ஓடுது. எங்க வீட்டுக்காரவுக அங்கனதான வேலை பாக்குறாக. போனை கேட்லயே வாங்கி வச்சிருவாங்க. கூப்பிட்டா எடுக்க ஆளில்ல."

ஸ்ரீமதி மேப்பைத் திறந்தாள். புள்ளி சாத்தூர்ப் பக்கம் இருந்தது.

"இது சாத்தூர் மருதம்பட்டி. முனியராஜ் அண்ணன் வேலை பாக்குறது சிவகாசி மருதம்பட்டிதான? பயப்படாத, போ."

"நெசமாவாக்கா? இப்பத்தான் உசுரே வந்துச்சு" என்று கும்பிட்டுவிட்டு அருணாதேவி இறங்கிப் போனாள்.

கொஞ்ச நேரத்தில் அடுத்த செய்தி வந்தது. 'சிவகாசி அருகே மருதம்பட்டியில்' என்று இருந்தது. முதல் செய்தியில் வெறும் ஊர்ப்பெயர்தான். எந்த மருதம்பட்டி என்று தெரியாமல் புரோகிராம் தன் ஊர்ப் பட்டியலில் முதலில் இருந்ததை எடுத்திருக்கிறது. அதை நம்பித்தான் அவள் அடித்துச் சொல்லியிருந்தாள்.

எழுந்து கீழே ஓடியிருக்கவேண்டும். ஆனால் அவள் கை மவுஸுக்குத்தான் போனது. புள்ளியை நகர்த்தினாள். மேப்பின் கீழே யாராவது தப்பைக் கண்டுபிடித்து எழுதியிருக்கிறார்களா என்று தேடினாள். இல்லை என்று தெரிந்தபிறகுதான் படியிறங்கினாள். கீழே கதவு பூட்டியிருந்தது. முனியராஜின் தம்பி சிவபாண்டி பைக்கில் வந்து அண்ணியைக் கூட்டிக்கொண்டு இப்போதுதான் போனான் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

சாயங்காலம் அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். முனியராஜுக்கு உயிருக்கு ஆபத்தில்லை. ரெண்டு கையிலும் கட்டு.

"வந்ததுலருந்து என்னயத்தான் கேட்டுக்கிட்டு கெடந்தாகளாம்" என்றாள் அருணாதேவி. "நீங்க என்ன செய்வீகக்கா, மேப்புல அப்படித்தான காட்டுச்சு."

அந்த ஆறுதலை ஸ்ரீமதியால் தாங்க முடியவில்லை. "நீ கிளம்புறதுக்கு முந்தியே எனக்குத் தெரிஞ்சிருச்சு அருணா."

"அப்ப ஏன் வந்து சொல்லல?"

"புள்ளிய மாத்திக்கிட்டு இருந்தேன்."

சொல்லி முடித்ததும் தன் குரலே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. அருணாதேவி திட்டவில்லை. ஒன்றும் புரியாதவள்போல அவள் முகத்தையே பார்த்துவிட்டு, புருஷனுக்குத் தண்ணீர் புகட்டத் திரும்பிக்கொண்டாள்.

தாலுகா தெரியாத செய்திக்கு இப்போது ஸ்ரீமதி புள்ளி வைப்பதில்லை. 'இடம் உறுதியாகவில்லை' என்று எழுதித் தனியே போடுகிறாள். அருணாதேவியும் பேசாமலில்லை. படியில் பார்த்தால் "சாப்பிட்டீகளா" என்பாள். ஸ்ரீமதிதான் நிமிர்ந்து பதில் சொல்ல மாட்டாமல், சாவியைத் தேடுவதுபோல் பையைத் துழாவிக்கொண்டே ஏறிப் போவாள்.