இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை

சித்தூருக்கு வெளியே இருந்த அந்த மாம்பழக் கூழ் ஃபேக்டரியில் காலை ஆறு மணிக்கு பெல்ட் ஓட ஆரம்பித்தால் மதியம் இரண்டு மணிவரை நிற்காது. கழுவிய தோத்தாபுரிப் பழங்கள் ஈரத்தோடு உருண்டு வரும். பெல்ட்டின் இரண்டு பக்கமும் பதினைந்து பதினைந்து பெண்கள், நீலத் தொப்பியும் ரப்பர் கையுறையுமாக நின்று, காம்பை நறுக்கி அழுகலை ஒதுக்குவார்கள். யாரும் தண்ணீர் குடிப்பதில்லை. கக்கூஸ், கூழ் டிரம் அடுக்குகிற கோடவுனுக்குப் பின்னால் இருந்தது. போக வேண்டுமென்றால் சூப்பர்வைசர் நாகபூஷணத்திடம் கேட்க வேண்டும். அவர் முதலில் பெல்ட்டைப் பார்ப்பார், பிறகு கேட்டவளைப் பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பயந்தே முப்பது பெண்களும் விடியற்காலையில் ஒரு வாய் காபியோடு நிறுத்திக்கொண்டார்கள்.

தாட்சாயணிக்கு இந்த வேலை பிடித்திருந்ததற்குக் காரணம் மாம்பழ வாசனை. அது இருக்கிறவரை அவள்மேல் வேறு வாசனை யாருக்கும் தெரியாது. போன வருஷம் இரண்டு நாள் வலித்துப் பெற்ற குழந்தை பிழைக்கவில்லை. மூத்திரப் பையில் ஓட்டை விழுந்து, அன்றிலிருந்து சொட்டுவது நிற்கவில்லை. திருப்பதியில் ஓர் ஆபரேஷன் செய்து பெரும்பகுதியை மூடிவிட்டார்கள். அரிசி அளவு மிச்சம் இருந்தது. அதைத் தைக்கிற டாக்டரம்மா மாதத்தில் ஒரு புதன்கிழமைதான் அங்கே வருவார். மூத்திரத்தில் கிருமி இருந்தால் தையல் நிற்காது, டெஸ்ட் சுத்தமாக வந்தால்தான் தேதி என்று சொல்லியிருந்தார். கிருமி இருக்கிறது என்று அதற்குள் இரண்டு தடவை திருப்பி அனுப்பியாகிவிட்டது.

மூன்றாவது தடவை சுத்தம் என்று வந்தது. தாட்சாயணி அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு நேராக ஊர் சுகாதார சப் சென்டருக்குப் போனாள். நர்ஸ் கேசியா தடுப்பூசிப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, வர்ற புதன்கிழமை வரச் சொல்லிட்டாங்க. அவரும் பெங்களூர்ல லீவு சொல்லிட்டாரு."

கேசியா காகிதத்தை இரண்டு தடவை படித்தாள். "எரிச்சல் போயிடுச்சா?"

"எங்க போச்சு? நேத்துகூட குளிர் தூக்கிப் போட்டுது."

"அப்புறம் எப்டி இதுல ஒண்ணுமில்லன்னு வந்துகீது?"

தாட்சாயணிக்குச் சிரிப்பு வந்தது. "டெஸ்டுக்கு மூணு நாள் முன்னாலருந்தே மாத்திரை போட்டுக்கினேன். துலுக்காணம் அக்கா குடுத்தாங்க. ஆஸ்பத்திரிக்குப் போறப்ப குளிச்சிட்டுப் போறதில்லையா? அந்த மாதிரிதான்."

துலுக்காணம் பெல்ட்டில் அவளுக்குப் பக்கத்தில் நிற்பவள். அந்த லைனில் எரிச்சல் வராத பெண்ணே கிடையாது. ஒருத்திக்கு மருந்துக் கடையில் வாங்கிய மாத்திரையில் நாலு மிஞ்சினால் அது முந்தானை முடிச்சில் காத்திருக்கும். அடுத்தவள் முகத்தைச் சுளித்தால் இரண்டு கை மாறும். எரிச்சல் குறைந்ததும் மிச்சம் மறுபடி முடிச்சுக்குப் போகும். மாமியார் தராத அன்பை அவர்கள் ஒருத்திக்கொருத்தி இப்படித்தான் கொடுத்துக்கொண்டார்கள்.

கேசியா சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்காரச் சொன்னாள். ஈரமாகிவிடும் என்று தாட்சாயணி நின்றுகொண்டே இருந்தாள்.

"கிருமி சாவல, தாட்சாயணி. மாத்திரைக்குப் பயந்து பதுங்கிக்கினு கீது. இதோட போய்த் தச்சா தையல் பிரிஞ்சிடும். அதுக்கப்புறம் இன்னொரு வாட்டி தைக்கிறது ரொம்பக் கஷ்டம். நீயே டாக்டரம்மாகிட்ட சொல்லிடு."

"சொன்னா தேதி போயிடும்."

"போவும்."

மறுநாள் எட்டு மணி நேரமும் அவள் பழங்களைப் பார்த்தாளே தவிர ஒன்றும் கண்ணில் படவில்லை. இந்த ஈரத்தோடு இன்னும் ஒரு மாதமா என்று நினைத்தபோதெல்லாம் அழுகை வந்தது. காகிதம் சுத்தம் என்கிறது, கையெழுத்து இருக்கிறது, யாருக்குத் தெரியப் போகிறது? ஷிஃப்ட் முடிந்ததும் பெங்களூரில் கட்டட வேலையில் இருந்த புருஷன் ஏழுமலைக்கு போன் செய்தாள். பின்னால் கலவை மிஷின் ஓடுகிற சத்தத்தில் அவன் கத்தித்தான் பேசினான்.

"தேதி போனா போவட்டும். நான் இன்னொரு வாட்டி லீவு கேக்கறேன். துணி தச்சாகூட கெட்ட துணியில நூல் நிக்காது. போய்ச் சொல்லிடு."

புதன்கிழமை திருப்பதிக்குப் போய்ச் சொன்னாள். டாக்டரம்மா பேனாவை மூடி வைத்துவிட்டு அவளையே பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தாள், திட்டவில்லை. லிஸ்டில் அவள் பெயரை மட்டும் அடித்தார்.

"ஒரு வாரம் எந்த மாத்திரையும் தொடாத. அப்புறம் டெஸ்ட் எடுக்கலாம். இதை நீ சொல்லாம இருந்திருந்தா நான் தச்சிருப்பேன்மா."

அடுத்த ரிசல்ட்டில் பன்னிரண்டு மருந்துகளின் பெயர் வரிசையாக இருந்தது. பத்துக்கு நேரே ஒரே எழுத்து. அந்தப் பத்தும் இந்தக் கிருமியை ஒன்றும் செய்யாது என்று கேசியா விரல் வைத்துக் காட்டினாள். துலுக்காணம் கொடுத்தது மேலிருந்து மூன்றாவது; அன்றைக்குக் கிருமியைப் பதுங்க வைத்த அதுவும் இப்போது கேட்காது. கடைசி இரண்டு மட்டும் கேட்கும், இரண்டும் ஊசி. டாக்டரம்மா அதில் ஒன்றை எழுதிக் கொடுத்திருந்தார். பத்து நாள் கேசியா காலை ஐந்தேகாலுக்கே சப் சென்டரைத் திறந்து ஊசி போட்டு, கூடவே ஒரு சொம்புத் தண்ணீரையும் குடிக்க வைத்து அனுப்பினாள். அந்தச் சொம்புத் தண்ணீருக்காக தாட்சாயணி கக்கூஸுக்குப் போக நாகபூஷணத்திடம் தினமும் இரண்டு தடவை கேட்டாள், தினமும் அந்தப் பார்வையை வாங்கிக்கொண்டாள்.

நாலாம் நாள் துலுக்காணம் ஒரு பிளாஸ்டிக் டப்பாவோடு சப் சென்டருக்கு வந்தாள். உள்ளே வெட்டிய மாத்திரை அட்டைகள், சிவப்பு, மஞ்சள், வெள்ளை.

"லைன்ல எல்லார்கிட்டயும் வாங்கியாந்தேன், சிஸ்டர். நான்தான் அவளுக்குக் குடுத்தேன். நல்லதுன்னுதான் குடுத்தேன்."

"தெரியும் துலுக்காணம்."

"இனிமே எரிஞ்சா இன்னா பண்றது?"

"இங்க வா. டெஸ்ட் பண்ணிட்டு, குடுக்கறதை முழுசாத் துன்னு முடிக்கணும். தண்ணி குடிக்கணும். அடக்கக் கூடாது."

கடைசி இரண்டையும் கேட்டுத் துலுக்காணம் தலையாட்டவில்லை.

ஊசி முடிந்து எடுத்த டெஸ்ட் நிஜமாகவே சுத்தமாக வந்து, ஆடி மாதத்துப் புதன்கிழமை ஆபரேஷன் நடந்தது. பதினான்கு நாள் குழாயோடு படுத்திருந்தாள். குழாயை எடுத்த அன்று மதியம் அவள் படுக்கை விரிப்பைத் தடவிப் பார்த்தாள். மாலையில் மறுபடி தடவிப் பார்த்தாள். காய்ந்தே இருந்தது. ஏழுமலையின் கையை இழுத்து அங்கே வைத்தாள். இருவரும் சேர்ந்து அழுதார்கள், பக்கத்துக் கட்டில்காரிகூட அழுதாள். ஊருக்குத் திரும்பும்போது திருப்பதியிலிருந்து சித்தூர் வரை பஸ்ஸில் உட்கார்ந்தே வந்தாள்.

நவம்பரில் கொய்யா சீசனுக்கு வேலைக்குத் திரும்பியபோது டாக்டரம்மா கொடுத்த சீட்டைக் கொண்டு போனாள். நாகபூஷணம் கண்ணாடி போட்டுப் படித்தார். தினமும் மூன்று லிட்டர் தண்ணீர் குடிக்க வேண்டும், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை சிறுநீர் கழிக்க அனுமதிக்கவும் என்று எழுதி, முத்திரை குத்தியிருந்தது. முத்திரையைப் பார்த்ததும் அவர் குரல் இறங்கிவிட்டது.

"சரேம்மா, போயி வா. டாக்டர் சீட்டு இருக்குது, நான் என்ன சொல்றது? ஆனா நீக்கு ஒக்கதானிக்கே. உனக்கு மட்டும்தான்."

எட்டு மணிக்கு தாட்சாயணி கையுறையைக் கழற்றி வைத்துவிட்டுப் போனாள். பத்து மணிக்குப் போனாள். பன்னிரண்டுக்குப் போனாள். பெல்ட் நிற்கவில்லை. அவள் இடத்துப் பழத்தை துலுக்காணமும் எதிரே நின்றவளும் பார்த்துக்கொண்டார்கள். மற்றப் பெண்கள் கொய்யாவைப் பார்க்கிற சாக்கில் அவள் போவதையும் வருவதையும் பார்த்தார்கள்.

அன்று மதியம் கேசியா சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டு வந்தபோது சப் சென்டர் வாசலில் வரிசை நின்றிருந்தது. இருபதுக்குக் குறையாது. பாதிப் பேர் தலையில் நீலத் தொப்பியைக் கூடக் கழற்றவில்லை. முதலில் நின்றவள் துலுக்காணம்.

"இன்னாடி இது, எல்லாருக்கும் எரியுதா?"

"இல்ல சிஸ்டர். தாட்சாயணிக்குக் குடுத்த மாதிரி எங்களுக்கும் ஒரு சீட்டு. முத்திரை கண்டிப்பா வேணும்."

கேசியா உள்ளே போய் உட்கார்ந்து, நோட்டைத் திறந்து, முத்திரையைப் பக்கத்தில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"வியாதி இன்னான்னு எழுதறது?"

துலுக்காணம் திரும்பி வரிசையைப் பார்த்தாள். பிறகு மேஜைமேல் கையை ஊன்றிக்கொண்டு சொன்னாள்.

"தண்ணி குடிச்சா ஒண்ணுக்கு வருதுன்னு எழுது."