சனிக்கிழமைத் தண்ணீர்

நீச்சல் உடையைப் போட்டுக்கொண்டு, துண்டைத் தோளில் தொங்கவிட்டபடி வாண்டு வாசற்கதவுக்கு முன்னால் குதித்துக்கொண்டிருந்தாள். கதவுக்குக் குறுக்கே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார் அவளுடைய தாத்தா. அசைவேனா என்றிருந்தார்.

"தள்ளுங்க தாத்தா!"

"இன்னிக்கு வேணாம் கண்ணு. தண்ணி குளிரும்."

"வெயில் மண்டையைப் பொளக்குது, குளிருமாம்!" என்றபடி உள்ளேயிருந்து வந்தாள் அவருடைய மகள். ஆஸ்பத்திரியில் நர்ஸ். அந்தக் குடியிருப்பிலும் அவளை எல்லோரும் நர்ஸ் என்றுதான் கூப்பிட்டார்கள். பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ள இதுவரை யாருக்கும் நேரம் வாய்க்கவில்லை. "வாரம் பூரா பிள்ளை இதுக்காகத்தானே காத்துக்கெடக்கு? உங்களுக்கு என்னப்பா வந்துச்சு?"

பெரியவர் நாற்காலியை இன்னும் கதவோடு ஒட்டிப் போட்டுக்கொண்டார்.

நர்ஸும் பஸ் ஓட்டும் அவள் கணவனும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாங்கிய வீடு அது. கறுத்த தோலோடு அந்தக் கட்டடத்துக்குள் குடிவந்த முதல் குடும்பம் அவர்களுடையதுதான். கீழே சின்னதாக ஒரு நீச்சல் குளம் இருந்தது. வந்த புதிதில் மற்றவர்களோடுதான் வாண்டும் இறங்கினாள். அவள் இறங்கியதும் ஒருத்திக்கு அடுப்பில் வைத்தது ஞாபகம் வரும், இன்னொருத்தியின் பிள்ளைக்குத் தூக்கம் வந்துவிடும். கொஞ்ச நேரத்தில் குளம் காலியாகிவிடும். நர்ஸ் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொள்ளக் கூடாது என்று இருந்தாள்.

பிறகு ஒருநாள் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் அம்மாள், கையில் பூங்கொத்தும் வாயெல்லாம் பல்லுமாக வந்து நின்றார். "இனிமே சனிக்கிழமை சாயந்திரம் குளம் உங்களுக்கே உங்களுக்கு. கூட்டம் இல்லாம குழந்தை நிம்மதியா நீந்தட்டும்." கரும்பு தின்னக் கூலியா! நர்ஸ் அதை ஆஸ்பத்திரி முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டாள்.

நீச்சல் கண்ணாடியை எடுத்துவர வாண்டை உள்ளே அனுப்பிவிட்டு, நர்ஸ் இப்போது அப்பாவின் முன்னால் வந்து நின்றாள். "இப்பச் சொல்லுங்க."

"ஞாயித்துக்கெழம காலையில அந்தக் குளத்தைப் பார்த்திருக்கியா?"

"எனக்கு டூட்டி இருக்குமே."

"நான் மாடியிலேருந்து பார்த்தேன். தண்ணி புதுசா இருக்கு. போன வாரமும் புதுசு, அதுக்கு முந்தின வாரமும் புதுசு."

"நல்லதுதானே?"

பெரியவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நான் சின்னப் பையனா இருந்தப்ப ஊர்ல ஒரு குளம் இருந்துச்சு. வாசல்ல பலகை. கறுத்தவங்களுக்குச் சனிக்கெழம சாயந்திரம் மட்டும்தான். நம்ம ஆளுங்க ஏறினதும் தண்ணியைத் தொறந்து விட்டுருவாங்க. எங்கம்மா என்னைப் போகவே விடல. ஊரே குளிச்ச அழுக்குத் தண்ணிடான்னா. நாங்க தண்ணிதான் அழுக்குன்னு நெனச்சோம். அவங்க நம்மளைத்தான் அழுக்குன்னு நெனச்சாங்க."

நர்ஸுக்குக் காது சுட்டது. "அதெல்லாம் அந்தக் காலம்ப்பா. இப்பச் சட்டம் இருக்கு. நீங்க பிள்ளையைக் கூட்டிக்கிட்டுக் கீழ போங்க. நான் கேட்டுட்டு வரேன்."

செயலாளர் அம்மாள் கதவைத் திறந்ததும் தோளில் கைபோட்டு உள்ளே அழைத்து உட்காரவைத்தார்.

"எங்க முறை முடிஞ்சதும் தண்ணியை மாத்துறீங்களா?"

"வாரம் ஒருதரம் மாத்தணும்னு கமிட்டியில முடிவு பண்ணினோம். சுகாதாரம். நீங்களே நர்ஸ், உங்களுக்கு நான் சொல்லணுமா?"

"எங்களுக்கு முன்னாடி மாத்தலாமே?"

"ஞாயித்துக்கிழமைதானே கூட்டம்? முந்தின நாள் மாத்தினாத்தானே வசதி?" என்றவர் சட்டென்று நிறுத்தினார். முகம் சிவந்தது. "இருங்க, நீங்க நிறத்தை மனசுல வச்சா கேக்கறீங்க? நானா? என் பொண்ணோட உயிர்த்தோழியே உங்கள மாதிரிதாங்க. எனக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கு." கண் கலங்கிவிட்டது அவருக்கு. நடிப்பில்லை, நிஜமாகவே அழுதார்.

நர்ஸ்தான் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். "தப்பா எடுத்துக்காதீங்க, சும்மாதான் கேட்டேன்" என்று முதுகைத் தடவிக் கொடுத்தாள். நியாயம் கேட்கப் போனவள் மன்னிப்புக் கேட்டுவிட்டு வெளியே வந்தாள். வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவது என்பார்களே, அதுதான். ஊசி குத்தியது தெரிகிறது, பழத்தில் ஒரு கீறல்கூட இல்லை. யாரிடம் போய் எதைக் காட்டுவது?

குளத்தில் வாண்டு தவளைபோல் நீந்திக்கொண்டிருந்தாள். பெரியவர் கரையில் இருந்தார். மகள் முகத்தைப் பார்த்ததும் பக்கத்தில் அவளுக்கு இடம் ஒதுக்கினார்.

"அந்தப் பலகையை நாங்க நாலு பேரு சேர்ந்து ஒருநாள் புடுங்கிப் போட்டோம். போலீஸ்ல நல்ல அடி" என்றார். "இப்பப் புடுங்கறதுக்குப் பலகையும் இல்லியேம்மா."

பம்ப் பார்க்கிறவன் வந்து தயங்கி நின்றான். அவனும் இவர்கள் நிறம்தான். "அக்கா, நேரமாச்சு. ஏறிட்டீங்கன்னா தொறந்து விட்டுருவேன்."

"முன்னெல்லாம் எப்ப மாத்துவீங்க தம்பி?"

அவன் தரையைப் பார்த்தான். "வருஷத்துக்கு ஒருதடவைக்கா. சொன்னதைச் செய்யறேன். பொழப்பு போயிரும்."

அவனைக் கோபித்து என்ன ஆகப்போகிறது? நர்ஸ் செருப்பைக் கழற்றினாள். உடுத்திய துணியோடு படியில் இறங்கி, தண்ணீருக்குள் மார்பளவில் நின்றாள்.

"தொறங்க."

"நீங்க ஏறலியேக்கா?"

"நாங்க இருக்கோம். நீங்க தொறங்க தம்பி."

பெரியவரும் சட்டையைக் கழற்றிவைத்துவிட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். சின்ன வயதில் அம்மா விடாத தண்ணீர். மேலே ஒன்றிரண்டு ஜன்னல்களில் திரை ஆடியது. யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

தண்ணீர் இடுப்புக்கு இறங்கியது, பிறகு முழங்காலுக்கு. வாண்டுக்கு இதைவிட நல்ல விளையாட்டு கிடையாது. வற்றுகிற தண்ணீரைக் காலால் துரத்தித் துரத்திச் சிரித்தாள்.

"அம்மா, தண்ணியெல்லாம் எங்க போகுது?"

"சாக்கடைக்கு."

"அப்ப நாளைக்குப் புதுத் தண்ணி வருமா?"

"வரும்."

"ஹை! அப்ப நாளைக்கும் வரலாமா?"

நர்ஸ் அப்பாவைப் பார்த்தாள். அவர் ஈரத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசித் தண்ணீரும் ஓடி மறைந்தது. பம்ப் பார்க்கிறவன் நீளப் பிரஷ்ஷையும் மருந்து வாளியையும் வைத்துக்கொண்டு ஓரமாகக் காத்து நின்றான். அவர்கள் மூவரும் நின்ற இடத்தை அவன் தேய்க்க வேண்டியிருந்தது.